மிதந்து போன மாவட்டம்

சாரிகோல் மாவட்டம் செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அதன் அலுவலகத்தில் இன்னும் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பந்தெலி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினான். வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். 'சாரிகோல் மாவட்டக் கலைப்புக் குழு.' மாவட்டம் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மட்டும்தான் ஆள் இருப்பார்கள். இப்போது மாடியிலும் நடமாட்டம் கேட்டது.

மாகாணத்தில் இருந்த குட்டி மாவட்டங்களையெல்லாம் ஒரே இரவில் கலைத்து, பெரிய மாவட்டங்களோடு சேர்த்துவிட்டார்கள். சாரிகோலின் மேற்குப் பாதி துஸ்லார் மாவட்டத்துக்குப் போனது. கிழக்குப் பாதி அக்பினாருக்கு. ஜனங்கள் அலைய வேண்டியிருக்காது, எல்லாம் ஒரே ஜன்னலில் முடியும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பந்தெலி அன்றிலிருந்து ஜன்னல் ஜன்னலாக அலைகிறான்.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பள்ளம்.

சாரிகோல் ஊருக்கு எதிரே காயல். காயலுக்கும் கருங்கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு, நாடா மாதிரி நீளமாக, ஒல்லியாக. குளிர்காலத்துப் புயல்கள் அதிலிருக்கும் முகத்துவாரத்தை மண் போட்டு மூடிவிடும். வசந்தம் வந்ததும் ஊரே சேர்ந்து அதைத் திறந்துவிடும். கடலில் காத்திருக்கும் மடவை மீன் உள்ளே வந்து, கோடை முழுக்கக் காயலில் மேய்ந்து கொழுத்து, இலையுதிர்காலத்தில் வெளியே கிளம்பும்போது வலையில் விழும். பந்தெலியின் தாத்தா காலத்தில் மண்வெட்டி. இவன் காலத்தில் பொக்லைன். வேறு வித்தியாசம் கிடையாது.

போன வருஷம் திறக்கவில்லை. அனுமதி எங்கே வாங்குவது என்று தெரிவதற்குள் கோடை வந்துவிட்டது. காயல் காய்ந்து உப்புக் கஞ்சியானது. ஆகஸ்டில் ஊருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க முடிந்தது. பந்தெலியின் மனைவி பராஸ்கேவா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. பேசியது ஒரே ஒரு முறைதான். இந்த வசந்தத்திலும் மடவை உள்ளே வரவில்லையென்றால் படகை விற்றுவிட்டுப் போலந்துக்குத் தக்காளி பறிக்கப் போகிறோம், நீ வந்தால் வா, என்றாள்.

அவள் சொன்னால் செய்வாள்.

கலைப்புக் குழுவின் தலைவர் விக்கென்தி மகரோவிச் தேநீர்க் கோப்பைக்குள் எலுமிச்சைத் துண்டை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அதிகாரிகளுக்குக் காது கேட்கும். பந்தெலி சேர்த்தே சொன்னான். எப்போது கலைத்து முடிப்பீர்கள், எங்கள் மனு எப்போது நகரும் என்று கேட்டான்.

அவர் வருத்தப்பட்டார்.

"பந்தெலி, ஒரு மாவட்டத்த உண்டாக்குறது சுலபம்ப்பா. ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, தீந்துது. ஒழிக்கிறது இருக்கே, அதுதான் வேலை. நாற்காலிய ஒழிக்கணும்னா முதல்ல எத்தனை நாற்காலின்னு எண்ணணும். எண்ணுறவன் உக்கார ஒரு நாற்காலி வேணும். அதனால போன வருஷம் புதுசா பதினஞ்சு வாங்கினோம். இப்ப அதையும் எண்ண வேண்டியிருக்கு."

"அப்ப பள்ளத்துக்கு அனுமதி?"

"செத்த மாவட்டம் எப்படிப்பா அனுமதி குடுக்கும்? நிலத்த புது மாவட்டங்களுக்கு ஒப்படைச்சிட்டா அவங்க குடுப்பாங்க. ஒப்படைக்கணும்னா எல்லை எங்கன்னு தெரியணும்." ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். "இந்தா பாரு. ரெண்டு மாவட்டத்துக்கும் எல்லைங்கிறது முகத்துவாரத்தோட நடுக்கோடு. எங்க முகத்துவாரம்?"

"அதத் தோண்டத்தான் மனு குடுத்திருக்கேன்."

"பாத்தியா. இல்லாத முகத்துவாரத்துக்கு நடுக்கோடு கிடையாது. நடுக்கோடு இல்லன்னா எல்லை இல்ல. எல்லை இல்லாம யார்கிட்ட எதை ஒப்படைப்பேன்? ஒப்படைக்காம குழுவ எப்படிக் கலைப்பேன்?" அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "நீ தப்பா நினைக்காத. நாங்க ராப்பகலா எங்களையே ஒழிச்சுக்கிட்டுதான் இருக்கோம்."

தவறு எங்கே நடந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நில அளவைக்காரர்கள் மே மாதத்தில் வந்தார்கள். வெயில் இதமாக, ஒயின் குளிர்ச்சியாக இருந்தது; முகத்துவாரம் திறந்திருந்தது. அதைப் பார்த்து, ஆஹா ஆறு என்று நினைத்து அதன் நடுவே கோடு போட்டுவிட்டுப் போனார்கள். குளிர்காலத்தில் ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை. மாவட்டத்தைப் பாதியாகப் பிரித்தவர்களும் அந்தக் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே வசந்தத்தில் திறந்து, நவம்பரில் மூடிக்கொள்ளும் ஓர் எல்லை அந்த மாகாணத்துக்கு வாய்த்தது.

பந்தெலி துஸ்லாருக்குப் பேருந்து பிடித்தான்.

*

துஸ்லார் மாவட்டத் தலைவர் ஆர்செனி குஸ்மிச்சின் அறையில் ஒரு சுவர் முழுக்க வரைபடம். மாவட்டத்தின் புது உருவத்தைத் தங்க நிறத்தில் தீட்டியிருந்தார்கள். பக்கத்து மாவட்டங்களுக்குச் சாம்பல் நிறம். வெளியே அவர் அலுவலகத்து வாசலில் சாலை பெயர்ந்து, ஒரு வாத்துக் குடும்பம் குழியில் நீந்திக்கொண்டிருந்தது. அது வரைபடத்தில் இல்லை.

அவர் மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது யார் சொல்லி எழுதின?"

"நானாதான் எழுதினேன், ஆர்செனி குஸ்மிச்."

"கடல்லேர்ந்து காயல் வரைக்கும் குறுக்க வெட்டணும்னு எழுதியிருக்க. வெட்டினா திட்டு ரெண்டாப் போகும். திட்டு என் மாவட்டம். அப்ப என் மாவட்டத்த ரெண்டா வெட்ட என்கிட்டயே மனு குடுக்குற. சட்டத்துல இதுக்கு வேற பேரு இருக்கு, தெரியுமா?"

மீன் வருவதற்காகத்தான், ஐம்பது வருஷமாக இப்படித்தான், என்று பந்தெலி ஏதேதோ உளறினான்.

"ஐம்பது வருஷமா பிரிவினை பண்ணிக்கிட்டிருக்கீங்க." ஆர்செனி குஸ்மிச் பெருமூச்சு விட்டார். "உங்க ஊர்க்காரனுக்குப் பெரிசா யோசிக்கத் தெரியாது. நீ மீனப் பாக்குற. நான் பரப்பளவப் பாக்குறேன். எங்க மாவட்டம் மாகாணத்துல நாலாவது பெரிசு. ஒரு பள்ளம் தோண்டினா அஞ்சாவதா ஆயிடும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மாகாணக் கூட்டத்துக்குப் போவேன்?"

கடைசியில் பெரிய மனசு பண்ணினார். நிலம் அவருடையது, தண்ணீர் அக்பினாருடையது. தண்ணீர்க்காரர்கள் முதலில் சம்மதிக்கட்டும், அப்புறம் தான் மறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அக்பினார் மாவட்டத் தலைவி லாரிசா ஹ்னாத்திவ்னா அன்பானவர். நாற்காலி போட்டார், இனிப்பு கொடுத்தார். பந்தெலிக்கு அதுதான் பயமாக இருந்தது.

காயல் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய கவலை மீனைப் பற்றியது. "இந்த மடவை எங்க பொறக்குது?" என்று கேட்டார்.

"கடல்ல."

"அப்ப எங்க மாவட்டத்துல பதிவு கிடையாது."

"மீனுக்கா?"

"யோசிச்சுப் பாருங்க பந்தெலி. வெளிய பொறந்தது, எங்க காயலுக்கு வந்து ஆறு மாசம் தங்குது, சாப்பிடுது, கொழுக்குது, போயிடுது. போறப்ப நீங்க பிடிச்சுத் துஸ்லார் சந்தையில விக்கிறீங்க. நாங்க என்ன சத்திரமா நடத்துறோம்?" அவர் சிரித்தார். "ஆனா நான் மீனுக்கு விரோதி இல்ல. பதவிக்கு வந்ததும் போட்ட முதல் ஆணையே மீனுக்குத்தான்."

கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த ஆணை அவர் தலைக்கு மேலே தொங்கியது. பந்தெலி எழுந்து நின்று படித்தான். மடவை உள்ளே வரும் பருவத்தில், கடைசி மீன் கடக்கும் வரை, சாரிகோல் முகத்துவாரத்தின் குறுக்கே எந்தப் படகும் எந்தக் காரணத்துக்காகவும் செல்லக்கூடாது. மீறினால் படகு பறிமுதல்.

"முகத்துவாரமே இல்லையே, லாரிசா ஹ்னாத்திவ்னா."

"அதனாலதான் இதுவரைக்கும் ஒருத்தர்கூட மீறல" என்றார் அவர்.

*

ஏப்ரல் பாதியில் கடற்பறவைகள் வந்துவிட்டன. திட்டுக்கு அந்தப் பக்கம், கடலில், கூட்டமாக விழுந்து எழுந்தன. மடவை வந்து, வழியைத் தேடி, கரையோரமாக மேலும் கீழும் அலைகிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் பார்க்கும். அப்புறம் வேறு காயலைத் தேடிப் போய்விடும். பராஸ்கேவா கொடியில் துணி உலர்த்தியபடியே பறவைகளைப் பார்த்தாள். பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

அந்த வாரம்தான் மாகாணத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புது மாவட்டங்களின் ஒன்றரையாவது பிறந்த நாள் விழா வருகிறது. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லையில் வரவேற்புத் தூண் எழுப்பி, அதன் முன்னால் நின்று புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். நல்ல படம் எடுத்த மாவட்டத்துக்குக் கேடயம்.

எல்லை எங்கே என்று ஒன்றரை வருஷமாகத் தெரியாமலிருந்த இரண்டு மாவட்டங்களும் மறுநாள் காலையே திட்டில் வந்து நின்றன. கூடவே விக்கென்தி மகரோவிச்சும்.

பந்தெலியைக் கூப்பிட்டு, பழைய முகத்துவாரம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். அவன் காட்டினான். குறுக்கே கோடு மாதிரி ஒரு மெல்லிய பள்ளம் மணலில் இன்னும் தெரிந்தது. ஒரு கல் எறிந்தால் கடலில் விழும். திரும்பி எறிந்தால் காயலில் விழும்.

ஆர்செனி குஸ்மிச் தன் தூணைக் கடல் ஓரத்தில், அலை தொடும் இடத்தில் வைக்கச் சொன்னார். கோடையில் குளிக்க வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். லாரிசா ஹ்னாத்திவ்னா தன்னுடையதைக் காயல் ஓரத்தில், தண்ணீரை ஒட்டி வைக்கச் சொன்னார். தண்ணீர் அவருடையது. விக்கென்தி மகரோவிச் நடுவில் இடம் பிடித்தார். செத்த மாவட்டத்துக்கும் ஒரு நினைவுத் தூண் வேண்டுமல்லவா.

ஆக மூன்று தூண், மூன்று அஸ்திவாரக் குழி, ஒரே நேர்கோட்டில், கடலிலிருந்து காயல் வரை.

பந்தெலி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, இதற்கு அனுமதி யார் கொடுத்தது என்று கேட்டுவிட்டான்.

ஆர்செனி குஸ்மிச் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அனுமதியா? பள்ளம் தோண்டத்தான்ப்பா அனுமதி. இது அஸ்திவாரம்."

அப்போதுதான் பந்தெலிக்கு உறைத்தது. மூன்று குழியையும் கண்ணால் ஒரே கோடாக இணைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அனுமதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பொக்லைன் ஓட்ட வந்தவன் டோபால். பந்தெலியின் மகளுக்கு ஞானத்தகப்பன். அப்படிப்பட்டவனை அங்கே 'கூம்' என்பார்கள். கூடப் பிறந்தவனைவிட நெருக்கம். ஒவ்வொரு வருஷமும் முகத்துவாரத்தைத் திறந்தவனும் அவன்தான். இயந்திரத்தை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மூன்று அதிகாரிகளையும் பார்த்தான், பந்தெலியைப் பார்த்தான்.

"கூமே, எவ்வளவு ஆழம்?"

"என்னக் கேக்காத. அய்யாமாரக் கேளு."

அய்யாமார் தாராளமாக இருந்தார்கள். தோண்டும் வேலைக்குக் கனமீட்டர் கணக்கில் பணம்; ஒப்பந்தக்காரர் ஆர்செனி குஸ்மிச்சின் மச்சான். தூண் கருங்கல் என்று கணக்கில் இருந்தது, கருங்கல்லுக்கு ஆழம் வேண்டும். துஸ்லாரின் குழி இரண்டு ஆள் ஆழம் என்று தெரிந்ததும் லாரிசா ஹ்னாத்திவ்னா தன் குழியை அதைவிட ஆழமாகவும், அப்புறம் அதைவிட அகலமாகவும் ஆக்கச் சொன்னார். விக்கென்தி மகரோவிச் இரண்டு பேரையும்விட நீளமாகக் கேட்டார். ஒழிக்கப்பட்ட மாவட்டம் என்றால் இளக்காரமா என்றார்.

குழிகளில் தண்ணீர் ஊறியது. டோபால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தான். நல்ல சகுனம், தோண்டு என்றார்கள்.

இரண்டாம் நாள், குழிகளுக்கு நடுவே இரண்டு மெல்லிய மண் சுவர்கள்தான் மிச்சம். புகைப்படக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அந்தச் சுவர்கள் படத்தில் அசிங்கமாகத் தெரிகின்றன என்றார். ஆர்செனி குஸ்மிச் கையை வீசி, வழித்தெடுக்கச் சொன்னார்.

டோபால் பந்தெலியின் காதருகே வந்தான். "கூமே, இத நாம பண்ணியிருந்தா உள்ள தள்ளியிருப்பானுங்க."

"நாம பண்ணல. நீ தோண்டு."

*

விழா நாளன்று தெற்குக் காற்று. கடல் உப்பிப்போய், திட்டின் விளிம்பில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

தூண்கள் வந்திறங்கின. இரண்டு பேர் ஒரு தூணைத் தோளில் தூக்கி வந்ததைப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூண்களைக் குழி ஓரத்தில் பலகை மேல் நிறுத்தினார்கள். கான்கிரீட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், இப்போது படம்தான் முக்கியம்.

கார்கள் எல்லாம் மேற்குப் பக்கம் நின்றன. ஊர்ப் பெண்கள் பூவேலைத் துண்டின் மேல் பெரிய விருந்து ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு, அதே பக்கம் வரவேற்க நின்றார்கள். ரொட்டியை ஏந்தி முன்னால் நின்றவள் பராஸ்கேவா. புகைப்படக்காரர் சூரியன் முகத்தில் விழ வேண்டும் என்று அதிகாரிகள் மூன்று பேரையும் பலகை மேல் நடக்கவைத்து, பள்ளத்துக்குக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் மட்டும் திரும்பி வந்து, பலகையையும் இழுத்துக்கொண்டார். அதுவும் படத்தில் அசிங்கமாகத் தெரிந்ததாம்.

பள்ளத்தின் மேல் கடலிலிருந்து காயல் வரை ரிப்பன் கட்டியிருந்தது. ஆர்செனி குஸ்மிச் பேசினார்.

"இந்தச் சீர்திருத்தம் யாருக்காக? ஜனங்களுக்காக. முன்னாடி இந்த ஊருக்கு ஒரே ஒரு அதிகாரிதான் இல்லன்னு சொல்லுவார். இன்னிக்கு மூணு பேர் சொல்றோம். இந்த வளர்ச்சிய யாராலயும் தடுக்க முடியாது."

லாரிசா ஹ்னாத்திவ்னா கைதட்டினார். மூன்று கைகளும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்தன. யார் கை மேலே என்பதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு. ரிப்பன் அறுந்தது.

அதே நேரம் வந்து மோதிய அலையில் கடல் ஓரத்து மணலும் அறுந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ நீளமாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் முதல் குழியில் விழுந்து, இரண்டாவதில் நிமிர்ந்து, மூன்றாவதிலிருந்து காயலுக்குள் பாய்ந்தது. கரை இரண்டு பக்கமும் சரிந்தது. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பலகைகள் போயின. தூண்கள் சாய்ந்தன.

சாய்ந்தவை மூழ்கவில்லை.

கருங்கல் என்று கணக்கு எழுதிய துஸ்லார் தூண் ஒரு முறை குட்டிக்கரணம் போட்டது. பூச்சு உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மோகோல் பல்லைக் காட்டியது. 'துஸ்லார் மாவட்டம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற எழுத்துகள் வானத்தைப் பார்க்க, அது நிதானமாக மிதந்து அக்பினாரின் காயலுக்குள் போனது. பின்னாலேயே அக்பினார் தூண். நினைவுத் தூணும் மிதந்தது. ஒரு கடற்பறவை வந்து அதன் மேல் உட்கார்ந்தது.

பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. பந்தெலி குனிந்து பார்த்தான். சாம்பல் முதுகுகள், நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, பள்ளம் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தன. மடவை. திரும்பிப் பராஸ்கேவாவைப் பார்த்தான். அவள் ரொட்டியோடு கரை விளிம்புக்கே வந்துவிட்டிருந்தாள்.

எதிர்க்கரையில் முதலில் புரிந்துகொண்டவர் விக்கென்தி மகரோவிச்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"மூடுங்க" என்றார். "எல்லை வந்துடுச்சு. நடுக்கோடு வந்துடுச்சு. இனிமே ஒப்படைக்கணும். குழுவக் கலைச்சிடுவாங்க. பந்தெலி, உன் கால்ல விழறேன், மூடுப்பா."

அந்தப் பள்ளத்தை மூட அனுமதி வேண்டுமே என்று டோபால் இயந்திரத்தின் மேலிருந்து சத்தமாகக் கவலைப்பட்டான்.

ஆர்செனி குஸ்மிச்சுக்கு வேறு பிரச்சினை. அவர் நிற்பது அக்பினார் மாவட்டம். காரும் ஓட்டுநரும் மதியச் சாப்பாடும் துஸ்லாரில். கிழக்கே நடந்தால் ஊர் உண்டு. ஆனால் பாதை கிடையாது, வெறும் மணல், போய்ச் சேரச் சாயங்காலம் ஆகும். லாரிசா ஹ்னாத்திவ்னாவின் செருப்புக் குதி ஏற்கெனவே மணலுக்குள் இறங்கியிருந்தது.

"பந்தெலி, படகக் கொண்டா" என்று ஆர்செனி குஸ்மிச் கட்டளையிட்டார்.

படகு பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு துடுப்பு போட்டால் அந்தக் கரை. பந்தெலி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"கொண்டாரலாம், ஆர்செனி குஸ்மிச். ஆனா மடவை போய்க்கிட்டிருக்கே. கடைசி மீன் கடக்குற வரைக்கும் எந்தப் படகும் எந்தக் காரணத்துக்கும் குறுக்க போகக்கூடாதுன்னு ஆணை இருக்கு. சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. மீறினா படகு பறிமுதல்."

ஆர்செனி குஸ்மிச் மெல்லத் திரும்பி லாரிசா ஹ்னாத்திவ்னாவைப் பார்த்தார். அவர் கடலைப் பார்த்தார்.

"அந்த ஆணைய ரத்து பண்ணும்மா."

"முத்திரை ஆபீஸ்ல இருக்கு."

"கடைசி மீன் எப்பப்பா கடக்கும்?" என்று விக்கென்தி மகரோவிச் ஈனக்குரலில் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. வெளியூர் மீன். இங்க பதிவு கிடையாது."

மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்ததைக் காற்று இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டது. திட்டுக்கு யார் பொறுப்பு, தண்ணீருக்கு யார் பொறுப்பு, தூணுக்கு யார் கையெழுத்து. கொஞ்ச நேரம் கழித்து விக்கென்தி மகரோவிச் அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒரு மனு எழுத ஆரம்பித்தார். யார் பெயருக்கு எழுதுவது என்பதில் அது முதல் வரியிலேயே நின்றுபோனது.

இந்தப் பக்கம் பராஸ்கேவா மணலில் துண்டை விரித்து ரொட்டியை இறக்கி வைத்தாள். விருந்தாளிக்கு வைத்ததை எப்படித் தொடுவது என்று ஒரு கணம் தயங்கினாள். எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய துண்டாகப் பிய்த்து, உப்பில் தொட்டுப் பந்தெலியிடம் நீட்டினாள்.

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியத் தூக்கிப் பரண்ல வையி" என்றாள்.

ரொட்டி நன்றாக வெந்திருந்தது. டோபாலுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.